மிதிவண்டியில் அமர்வது எப்படி?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவன்

"எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்" என்பார்கள் நம் முன்னோர். நாற்பது கிலோமீட்டர் தூரம் இடைவிடாமல் சைக்கிள் மிதித்தவன் இந்தப் பழமொழியை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டான். அவனைப் பொறுத்தவரை அந்த நேரத்தில் பிரதானமான உறுப்பு சிரசுக்கு நேர் எதிர்த்திசையில் இருக்கிறது! இதைச் சொல்லும்போது சிலருக்குச் சிரிப்பு வரலாம். சிலருக்கு நாணம் வரலாம். இந்தச் சிரிப்பும் நாணமும்தான் இதைப்பற்றி யாரும் வாய்திறந்து பேசாமல் இருப்பதற்குக் காரணம். பேசாமல் இருப்பதால் விளையும் கேடு என்ன என்பதை என் வீட்டிலேயே கண்டேன். ஆகவேதான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

தோல்வியில் தொடங்கிய ஆராய்ச்சி

வாசுதேவநல்லூரிலிருந்து எட்டயபுரத்துக்குச் சைக்கிளில் சென்று மகாகவி பாரதி பிறந்த இல்லத்தைக் கண்டுவர வேண்டும் என்று நண்பர்கள் நால்வர் திட்டமிட்டோம். சங்கரன்கோவில், கழுகுமலை, கோவில்பட்டி வழியாகச் சென்றால் எழுபது எண்பது கிலோமீட்டர் வரும். செப்டம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் விடியற்காலையில் புறப்பட்டோம். மேல்காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு போயிற்று. சங்கரன்கோவில் வரையில் பாட்டுப் பாடிக்கொண்டே சென்றேன். அதன்பின் பாட்டு நின்றது. கழுகுமலைக்கு முன்னால் பேச்சும் நின்றது. வெட்டுவான் கோயில் அமைந்த குன்று கண்ணுக்குத் தெரிந்தபோது, இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்ச்சியே இல்லை. வண்டியை விட்டு இறங்கினேன், நிற்க முடியவில்லை. நண்பர்கள் மூவரும் எட்டயபுரம் சென்றார்கள். நான் என் சைக்கிளோடு ஒரு காய்கறி வேனில் ஏறி ஊர் திரும்பினேன்.

என் வண்டி, திருப்பூரில் வேலை பார்க்கும் அத்தான் தாம் ஓட்டி முடித்து எனக்குக் கொடுத்தது. குனிந்து பிடிக்கும் வளைந்த கைப்பிடியும் மெல்லிய டயரும் கொண்ட சாலைச் சைக்கிள். அதன் இருக்கை ஒல்லியாக, கட்டையாக இருந்தது. "சீட்டு கட்டையாக இருக்கிறது, அதனால்தான் வலி" என்று நான் முடிவு கட்டினேன். மறுநாளே கடைக்குப் போய், உள்ளே பஞ்சு போன்ற திரவக் கூழ் வைத்துத் தைத்த மெத்தை உறை ஒன்றை வாங்கி மாட்டினேன். முதல் ஐந்து கிலோமீட்டர் சொர்க்கம். அடுத்த பத்துக் கிலோமீட்டரில் முன்னைவிட மோசம்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். எலுமிச்சை மூட்டையைக் கேரியரில் கட்டிப் புளியங்குடிச் சந்தைக்குச் சைக்கிளிலேயே கொண்டுசெல்லும் தொழில் அவருக்கு. என்னைவிட எத்தனையோ மடங்கு தூரம் மிதித்தவர். "ஏலே, சைக்கிள் மிதிச்சா வலிக்கத்தான் செய்யும். பழகப் பழகச் சரியாப் போவும்" என்றார். பழகிக்கொள்ள வேண்டிய வலி எது, பழகவே கூடாத வலி எது என்று எனக்கு அப்போது தெரியாது. அவருக்கும் தெரியாது என்பதைப் பின்னால்தான் அறிந்தேன்.

இருக்கையின் வரலாறு

1817-இல் ஜெர்மானியரான டிரைஸ் என்பவர் காலால் தரையை உந்தி ஓட்டும் இரு சக்கர வண்டியை அமைத்தார். 1860-களில் பிரான்சில் பெடல் வைத்த வண்டிகள் வந்தன. இரும்புப் பட்டை கட்டிய மரச் சக்கரங்களோடு கல் பாவிய தெருக்களில் ஓடியதால், ஆங்கிலேயர் அவற்றுக்கு "எலும்பாட்டி" என்ற பொருளில் பட்டப்பெயர் சூட்டினார்கள். 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரண்டு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவுள்ள ரோவர் சைக்கிளை வெளியிட்டார். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் ஓட்டும் வண்டியின் அடிப்படை அத்துடன் அமைந்துவிட்டது.

இருக்கையின் கதை இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் தொடங்குகிறது. ஜான் போல்ட்பி புரூக்ஸ் என்பவர் 1866-இல் அங்கே குதிரைச் சேணம் முதலிய தோல் பொருள்கள் செய்யும் தொழிலைத் தொடங்கினார். அவருடைய குதிரை இறந்துவிட்டதாகவும், இரவல் வாங்கிய சைக்கிளில் வேலைக்குப் போய்ப் பட்ட வேதனையால் நல்ல இருக்கை செய்ய முற்பட்டதாகவும் அந்த நிறுவனத்தார் சொல்லிவருகிறார்கள். 1882-ஆம் ஆண்டு அவர் தம் இருக்கைக்குக் காப்புரிமை கோரினார். பாரதி பிறந்த ஆண்டும் அதுவே! எட்டயபுரம் போக முடியாமல் திரும்பிய எனக்கு இந்த ஒற்றுமை ஆறுதலாகவும் இருந்தது, கேலியாகவும் இருந்தது.

புரூக்ஸ் வகை இருக்கையில் மெத்தையே கிடையாது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். முன்னும் பின்னும் இரும்புச் சட்டத்தில் அறைந்து இழுத்துக் கட்டிய தடித்த தோல், அவ்வளவுதான். கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். உட்காருபவரின் உடலுக்கு ஏற்ப அந்தத் தோல் நாளடைவில் குழிந்து கொடுக்கிறது. சென்னை அம்பத்தூரில் 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் முதலிய தொழிற்சாலைகள் சைக்கிளை நம் ஊர்களுக்குக் கொண்டுவந்த காலத்தில், நம் தந்தையரும் பாட்டனாரும் ஏறி அமர்ந்தது பெரும்பாலும் இத்தகைய தோல் இருக்கையில்தான். அவற்றின் அடியில் கம்பிச்சுருள்களும் இருந்தன.

எலும்பு தாங்க வேண்டும், சதை அன்று

நம் இடுப்பெலும்பின் அடிப்பகுதியில் வலத்தும் இடத்துமாக இரண்டு முண்டுகள் உள்ளன. பெஞ்சில் அமர்ந்து உள்ளங்கைகளை அடியில் வைத்துப் பார்த்தால் கையில் தட்டுப்படும். இவற்றை உட்காரும் எலும்புகள் என்று சொல்லலாம். உடலின் பாரத்தைத் தாங்கவே இயற்கை இவற்றை அமைத்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள மென்மையான பகுதியில், பிறப்புறுப்புக்குச் செல்லும் நரம்பும் இரத்தக்குழாயும் ஓடுகின்றன. அந்த இடம் பாரம் தாங்குவதற்கு உரியது அன்று.

நல்ல இருக்கை எது என்ற கேள்விக்கு விடை இதில் அடங்கிவிட்டது. பாரம் இரண்டு எலும்புகளின் மேல் விழவேண்டும். நடுப்பகுதி பாரமின்றி இருக்கவேண்டும். மென்மை என்பது இரண்டாம் பட்சமே.

மெத்தை உறை ஏன் என்னைக் கைவிட்டது? அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். 60 கிலோ எடையுள்ளவரின் பாரத்தில் பாதி இருக்கையில் விழுவதாக வைத்துக்கொள்வோம். மீதியைக் கால்களும் கைகளும் தாங்குகின்றன. விசை ஏறத்தாழ 300 நியூட்டன். தாங்கும் பரப்பு 30 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 நியூட்டன். பரப்பு இருமடங்கானால் 5 நியூட்டன். அப்படியானால் மெத்தை நல்லதுதானே, பரப்பு கூடுகிறதே என்று தோன்றும். நானும் அப்படியே எண்ணினேன். பரப்பு எங்கே கூடுகிறது என்று கேட்க மறந்துவிட்டேன்! எலும்பு இருக்குமிடத்தில் மெத்தை அமுங்குகிறது. அமுங்கிய கூழ் நடுவே புடைத்து எழுகிறது. எழுந்து, தொடக்கூடாத நரம்பைத் தொடுகிறது. பூஜை அறையில் விரித்த ஜமுக்காளத்தில் இரண்டு மணி நேரம் அமரலாம். இலவம்பஞ்சு மெத்தை மேல் சம்மணமிட்டு அவ்வளவு நேரம் அமர முடியாது. அதைப் போன்றதே இதுவும்.

இந்தச் செய்தியை நான் எடுத்துச் சென்றபோது எங்கள் ஊர்ச் சைக்கிள் கடை அண்ணாச்சி சிரித்தார். "தம்பி, மெத்தைக் கவர் வாங்கிட்டுப் போனவன் அடுத்த மாசமே கழட்டிப் போட்டுருவான். இதுக்குப் போயி புஸ்தகம் படிக்கணுமா?" என்றார்.

அட்டைப் பரிசோதனை

உட்காரும் எலும்புகளின் இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும். பெரும்பாலோருக்கு 10 முதல் 15 சென்டிமீட்டருக்குள் இருக்கும். பெண்களுக்கு இடுப்பெலும்பு அகன்றிருப்பதால் பொதுவாகச் சற்றுக் கூடுதல். ஒல்லியானவருக்கு இடைவெளி குறைவாகவும் பருத்தவருக்கு மிகுதியாகவும் இருக்கவேண்டும் என்பதில்லை. இது எலும்பின் அளவே தவிர உடம்பின் அளவு அன்று.

இதை அளக்கச் செலவு ஏதுமில்லை. பெட்டிக்கடையில் பிஸ்கட் வரும் அட்டைப்பெட்டியின், உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் அட்டையை வெட்டிக்கொள்ளுங்கள். அதைக் கல்திண்ணையிலோ கட்டைப் பெஞ்சிலோ வைத்து, அதன்மேல் அமர்ந்து, கால்களுக்கடியில் ஒரு செங்கல்லை வைத்து முழங்காலைச் சற்று உயர்த்தி, சைக்கிள் ஓட்டும்போது குனிவதுபோல் முன்னே குனியுங்கள். ஒரு நிமிடம் கழித்து எழுந்தால் அட்டையில் இரண்டு குழிகள் விழுந்திருக்கும். சுண்ணக்கட்டியை அட்டைமேல் இலேசாகத் தேய்த்தால் குழி தெளிவாகத் தெரியும். ஒரு குழியின் நடுவிலிருந்து மறு குழியின் நடுவு வரை அளந்தால் அதுவே உங்கள் அளவு.

குனிந்து ஓட்டும் சாலைச் சைக்கிளுக்கு, இந்த அளவைவிட 2 முதல் 3 சென்டிமீட்டர் அகலமான இருக்கை பொருந்தும். நிமிர்ந்து அமரும் சாதாரணச் சைக்கிளுக்கு இன்னும் அகலம் வேண்டும். ஏனெனில் நிமிர நிமிரப் பாரம் பின்னால் சாய்கிறது. குனியக் குனிய இடுப்பெலும்பு முன்னே உருண்டு அதன் குறுகிய பகுதி இருக்கையில் படுகிறது. மிகவும் அகலமானால் தொடையில் இடித்து உராயும் என்பதையும் மறக்கலாகாது.

என் அளவு பதினொன்றரை சென்டிமீட்டர். அத்தான் தந்த இருக்கையின் அகலம் 13. அதன் ஓரங்கள் வேறு சரிந்து வளைந்திருந்தன. என் எலும்புகள் இரண்டும் அந்தச் சரிவில் தொங்கிக்கொண்டிருந்தன. பாரம் முழுவதும் நடுவில்! அண்ணாச்சியின் கடையில் கழற்றிப் போட்ட பழைய இருக்கைகளின் குவியலில் அளவுகோலோடு அமர்ந்து தேடினேன். நடுவே பள்ளம் வைத்த, 14½ சென்டிமீட்டர் அகலமுள்ள ஒன்று கிடைத்தது. அதுவும் கட்டைதான், விரலால் அழுத்தினால் சிறிதே அமுங்கும். இருநூறு ரூபாய்க்குக் கொடுத்தார்.

கொத்தனாரின் கருவிகள்

சரியான இருக்கையையும் தவறாகப் பூட்டினால் பயனில்லை. என் சித்தப்பா கொத்தனார். அவரிடமிருந்த ரசமட்டமும் தூக்குக்குண்டும் எனக்கு ஆய்வுக்கூடமாயின. பார்க்கவேண்டியவை மூன்று.

முதலாவது, உயரம். சுவரில் முதுகை ஒட்டி நின்று, ஒரு தடித்த புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவே இருக்கையில் அமர்வது போன்ற அழுத்தத்துடன் மேலே உயர்த்திப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளக்க வேண்டும். இதை 0.883-ஆல் பெருக்கினால் வருவது, பெடல் அச்சு சுழலும் மையத்திலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரை இருக்கவேண்டிய தூரம். பிரெஞ்சுப் பயிற்சியாளர் சிரில் கிமாரும் அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்டும் பரப்பிய சூத்திரம் இது. என் அளவு 81, பெருக்கினால் 71½. என் இருக்கையோ 67-இல் இருந்தது. கணக்கு வேண்டாம் என்பவர்கள், பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்துப் பார்க்கலாம். கால் நேராக நீளவேண்டும். பின்னர் வழக்கம்போல் முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் இலேசாக மடிந்திருக்கும். இருக்கை தாழ்ந்தால் கால் தாங்கவேண்டிய பாரமும் இருக்கையில் விழும், முழங்காலும் வலிக்கும். மிக உயர்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடித் தோல் உராயும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றாலும் ஐந்து மணி நேரத்தில் 18,000 சுற்று. பதினெட்டாயிரம் முறை உராய்ந்தால் கருங்கல்லும் தேயுமே!

இரண்டாவது, சாய்வு. இருக்கையின் மேல் ஒரு நீள அடிக்கோலை வைத்து அதன்மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்க்கவேண்டும். மட்டமாக இருப்பதே தொடக்க நிலை. மூக்குப் பகுதி மேலே தூக்கியிருந்தால் அது நேராக நரம்பில் குத்தும். மரத்துப்போதல் இருந்தால் மூக்கை ஒரு பாகை, இரண்டு பாகை தாழ்த்தலாம். அதற்குமேல் தாழ்த்தினால் உடம்பு முன்னே வழுக்கி, பாரம் கைகளுக்கு ஏறி, மணிக்கட்டு வலிக்கும்.

மூன்றாவது, முன்பின் நிலை. இரண்டு பெடல்களும் தரைக்கு இணையாக இருக்கும்படி அமர்ந்து, முன் காலின் முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால், நூல் பெடலின் அச்சை ஒட்டி விழவேண்டும். இது தொடக்க அளவே. தேவைக்கேற்பச் சிறிது மாற்றலாம்.

ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றவேண்டும். மாற்றியதைக் குறித்து வைக்கவேண்டும். நம் ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர்கள் ஓயாமல் சொல்லும் பாடம்தான் இது. மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் குணமாயிற்று என்று தெரியாது.

உடையும் டயரும்

ஜீன்ஸ் கால்சட்டையில் நான்கு தையல்கள் சந்திக்கும் தடித்த முடிச்சு, நாம் அமரும் இடத்துக்கு நேராக அமைகிறது. நெடுந்தூரம் ஓட்டுபவர்கள் அதைத் தவிர்க்கவேண்டும். அதற்கென்றே நடுவில் தையலின்றி மெல்லிய திண்டு வைத்த இறுக்கமான கால்சட்டைகள் உள்ளன. உள்ளாடையின்றி அணிவது, ஒருமுறை அணிந்தால் துவைப்பது என்பவை அவற்றின் விதிகள். வாங்க வசதியில்லையேல் தையல் தடிப்பில்லாத பருத்தி உடை போதும். வேட்டியை மடித்துக் கட்டி ஓட்டிய நம் பெரியவர்களுக்கு இந்தத் தையல் தொல்லையே இருந்ததில்லை என்பதை எண்ணி வியந்தேன்.

டயரைக் கல்போல் அடைத்து வைத்தால் சாலையின் அதிர்வெல்லாம் இருக்கைக்கு வந்துசேரும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவு, மீறக்கூடாத எல்லை. அதுவரை அடைத்தே தீரவேண்டும் என்பதன்று. பள்ளம் வரும்போது பெடல் மேல் எழுந்து நிற்பதும், பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை சற்றே எழுந்து இரத்தம் ஓடவிடுவதும் எந்த விலையுயர்ந்த இருக்கையும் தராத சுகத்தைத் தரும்.

பழகும் வலியும் பழகாத வலியும்

புதிதாக ஓட்டத் தொடங்குபவருக்கு உட்காரும் எலும்பு இருக்குமிடத்தில் ஒரு வாரம், இரண்டு வாரம் வலி இருப்பது இயல்பு. அது பழகும். தோல் சிவந்து எரிந்தால் உடையிலோ உயரத்திலோ குறை இருக்கும். ஆனால் மரத்துப்போதல் பழகவேண்டியது அன்று. நரம்பும் இரத்தக்குழாயும் நசுங்குகின்றன என்பதன் எச்சரிக்கை அது.

1997-இல் அமெரிக்க மருத்துவர் இர்வின் கோல்ட்ஸ்டீன், சைக்கிள் இருக்கையின் அழுத்தம் ஆண்களின் பாலுறவு நலத்தைப் பாதிக்கக்கூடும் என்று எச்சரித்தபோது பெரும் விவாதம் எழுந்தது. அந்நாட்டின் தொழிற்பாதுகாப்பு, உடல்நலத்துக்கான தேசிய நிறுவனத்தார், சைக்கிளில் ரோந்து செல்லும் காவலர்களுக்கு மூக்கில்லாத இருக்கையைக் கொடுத்து ஆறு மாதம் ஆராய்ந்தார்கள். நடுப்பகுதியின் அழுத்தமும் மரத்துப்போதலும் பெரிதும் குறைந்தன என்று 2008-இல் வெளியிட்டார்கள். சைக்கிள் ஓட்டுவதே தீது என்று இதற்குப் பொருளில்லை. சைக்கிளால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் விளையும் நன்மை பெரிது. இருக்கையைச் சரிசெய்த பின்னும் மரத்துப்போதல் நீடித்தாலோ, சிறுநீர் கழிப்பதில் தொல்லை இருந்தாலோ நாணாமல் மருத்துவரிடம் செல்லவேண்டும் என்பதே பொருள்.

மாணவியருக்கும் இது பொருந்தும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாகப் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றுச் சாலைக்கு வந்தார்கள். பதினோராம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி பெற்றவர்கள் நம்மிடையே பலர். என் தங்கையும் ஒருத்தி. சில மாதங்களில் அவள் சைக்கிளை விட்டுவிட்டு நடந்தே பள்ளிக்குப் போனாள். கேட்டால் காரணம் சொல்லவில்லை. இந்த ஆராய்ச்சிக்குப் பின் அவள் வண்டியை அளந்து பார்த்தபோதுதான் புரிந்தது. மாலை வேளைகளில் அதை ஓட்டிய நான், என் உயரத்துக்கு இருக்கையை ஏற்றி வைத்து இறக்காமலே விட்டிருந்தேன்! அம்மாவிடம்கூட அவள் சொல்லவில்லை. இறக்கிக் கொடுத்தேன், மறுநாள் முதல் சைக்கிளில் போனாள். குற்றவாளி நான் என்பதை இம்மலரின் வாயிலாக ஒப்புக்கொள்கிறேன்.

பாலத்தடி

இனி அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். புளியங்குடிக்குப் போகும் வழியில் ஒரு சிறு பாலம் உண்டு. அப்பா எப்போதும் அங்கே இறங்கி, சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சிறிது நேரம் நிற்பார். காற்று வாங்க நிற்கிறார் என்றே சிறுவயது முதல் எண்ணியிருந்தேன். மரத்துப்போதலைப் பற்றி நான் படித்ததை ஒருநாள் இரவு அவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கு அந்தப் பாலத்துக்கிட்ட போகையில ஒண்ணுமே தெரியாதுய்யா. எறங்கி நின்னாத்தான் உசுரு வரும். வயசானா அப்படித்தான்னு நெனச்சேன்" என்றார். எத்தனை வருடமாக என்று கேட்டேன். அவர் கணக்கு வைத்திருக்கவில்லை.

முதலில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். மரத்துப்போதலுக்குச் சர்க்கரை நோயும் காரணமாகலாம் அல்லவா? சர்க்கரை அளவோடுதான் இருந்தது. அதன்பிறகு அவருடைய வண்டியைப் பார்த்தேன். பழைய தோல் இருக்கை நடுவே தொய்ந்து தொட்டில்போல் ஆகியிருந்தது. இருபுறமும் தாழ்ந்து, நடு முதுகெலும்புபோல் ஒரு மேடு. மூக்கு மேல்நோக்கித் தூக்கியிருந்தது. மழைநாளில் நனைந்தும், மிருதுவாகட்டும் என்று தேங்காயெண்ணெய் தடவியும் தோல் இளகிப்போயிருந்தது. தோல் இருக்கைக்கு மிகுந்த எண்ணெய் பகை; மழைக்கு ஒரு பாலித்தீன் பை கட்டுவது நன்மை.

மூக்கின் அடியில் தோலை இழுக்கும் திருகாணி ஒன்று உண்டு. ஒரேயடியாக முறுக்கினால் தோல் ஆணியடித்த இடத்தில் கிழிந்துவிடும் என்று அண்ணாச்சி எச்சரித்திருந்தார். கால் சுற்று, கால் சுற்றாக நான்கு நாள் முறுக்கினேன். அந்த வகை வண்டிகளில் இருக்கையைக் கம்பியோடு பிடிக்கும் கிளிப்பில் பற்கள் இருக்கும். இருபக்க நட்டையும் தளர்த்தி ஒரு பல் கீழே இறக்கினேன். ரசமட்டத்தில் குமிழி நடுவே வந்து நின்றது. அப்பா திண்ணையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "படிச்ச படிப்பு இதுக்கா ஆகுது?" என்று கேட்டார். ஆம் என்றேன்.

இரண்டு வாரம் கழித்து, சந்தைக்கு அவரோடு என் வண்டியில் போனேன். பாலம் வந்தது. வழக்கம்போல் நிற்பார் என்று நான் பிரேக் பிடித்தேன். அவர் நிற்கவில்லை. எலுமிச்சை மூட்டையோடு என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். ஒன்றும் சொல்லவும் இல்லை.

முடிவாக

டிசம்பர் 11-ஐ ஒட்டிய ஞாயிறன்று நாங்கள் நால்வரும் மீண்டும் புறப்பட்டு எட்டயபுரம் சேர்ந்தோம். கோவில்பட்டி தாண்டும்போது எலும்பு இரண்டும் வலிக்கத்தான் செய்தன, மரத்துப்போகவில்லை. அன்றிரவு நண்பர் வீட்டில் தங்கி மறுநாள் எதிர்காற்றில் திரும்பினோம். பிரான்சில் 1891 முதல் நடைபெறும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணத்தில், இக்காலத்தில் 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் மிதிக்கிறார்கள். அதற்குத் தகுதிபெற 200, 300, 400, 600 கிலோமீட்டர்ப் பயணங்கள் இந்தியாவிலும் நடத்தப்படுகின்றன. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம். அந்த ஆசையும் இப்போது வந்திருக்கிறது.

நண்பர்களே, எல்லோருக்கும் பொருந்தும் இருக்கை என்று உலகில் ஒன்றுமில்லை. என் எலும்புக்குப் பொருந்துவது உங்களுக்குப் பொருந்தாது. அப்பாவின் தோல் இருக்கையில் நான் அமர்ந்து பார்த்தேன், ஒரு தெரு தாண்டவில்லை. ஆகவே நான் எந்த இருக்கையையும் பரிந்துரைக்கவில்லை. ஒரு துண்டு அட்டை, ஒரு அளவுகோல், ஒரு ஸ்பானர் இவற்றையே பரிந்துரைக்கிறேன். இன்று மாலை உங்கள் சைக்கிளின் முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அதன்பின், உங்கள் வீட்டில் சைக்கிள் ஓட்டும் பெரியவர் ஒருவர் இருந்தால், அவர் வழியில் எங்கே இறங்கி நிற்கிறார் என்று கேளுங்கள்.